முதல் இடது வளைவு

அத்தியாயம் 9

பச்சைமுத்து தலையைக் குனிந்து காட்டினார். ஸ்டேஷன் டியூப்லைட் வெளிச்சத்தில் அந்தத் தலை பளபளவென்று மின்னியது.

"மோந்து பாருங்க சார். தேங்காண்ணைதான். முப்பது வருசமா தடவிக்கினு கீறேன். இதுக்காகவா சார் இட்டாந்து குந்த வெச்சிட்டாங்க?"

சேஷகிரி முகர்ந்து பார்க்கவில்லை. துப்பறியும் தொழிலில் இருபத்தாறு வருடம் இருந்தவர், அந்தத் தலையைப் பார்க்க முடியாமல் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். பார்க்காமல் என்ன செய்வார்? பச்சைமுத்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணமே இவருடைய மூக்குதான்.

போன சனிக்கிழமை காலை, ஆனேக்கல் தாண்டி இருக்கும் ரேஸ் டிராக்கில், லாயிட் நடத்தும் பைக் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஃபிராங்க்ளின் வளைவில் விழுந்து இடுப்பெலும்பை நொறுக்கிக்கொண்டார். 'என் தப்புதான், தூக்கக் கலக்கம்' என்று ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அவர் சொன்னதை மனைவி மௌரீன் நம்பவில்லை. பதினைந்து வருடம் பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர் தூங்கி விழுவாரா என்று சேஷகிரியைக் கூப்பிட்டார். சேஷகிரி வந்தார். விழுந்த பைக்கின் முன் டயரை முகர்ந்தார். 'தேங்காய் எண்ணெய். யாரோ வேணும்னே தடவியிருக்காங்க' என்றார். ஏதோ சாதித்துவிட்டதுபோல் காபி குடிக்கப் போய்விட்டார்.

அந்த ஒரு வார்த்தை மௌரீனுக்குப் போதுமாக இருந்தது. பள்ளியின் மெக்கானிக் பச்சைமுத்து, ஃபிராங்க்ளினோடு முந்தின வாரம் சண்டை போட்டவர். பைக்கைக் கடைசியாகத் தொட்டவர். தலை நிறைய எண்ணெய் வைப்பவர். நேற்று சாயங்காலம் புகார். இன்று விடிந்ததும் ஜீவனஹள்ளி வீட்டு வாசலில் ஜீப்.

"அப்படிப் பாத்தா ஜீவனஹள்ளியில பாதிப் பேரை உள்ள போடணும் சார்" என்றாள் ஐரின். "மீதிப் பேருக்குத் தலையில முடி இல்ல."

ஐரின் சேஷகிரியின் உதவியாளர். காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். இருபத்தேழு வயது, ஒரு ஸ்கூட்டர், பூட்டு இல்லாத வாய். சாவு வீட்டில்கூட ஏதாவது சொல்லிவிட்டுத்தான் வருவாள்.

"சண்டை எதுக்கு பச்சைமுத்து?" சேஷகிரி கேட்டார்.

"டயர்ல காத்து கம்மின்னு பசங்க முன்னாடி திட்டிட்டாரு. நானும் ரெண்டு வார்த்தை பேசினேன். மறுநாளே டீ வாங்கிக் குடுத்தாரு சார். டீ குடிச்சிட்டு எவனாவது எண்ணெய் தடவுவானா?"

"சனிக்கிழமை வண்டியை யார் தொட்டாங்க?"

"நான்தான். அவரு வீட்ல இருந்து டெம்போல வந்துச்சு. ஆறு மணிக்கு எறக்கினேன். காத்து, செயின், பிரேக் எல்லாம் பாத்து ஸ்டாண்டுல ஏத்தினேன். ஏழு மணிக்கு அவரு எடுத்தாரு. நடுவுல வேற ஒருத்தரும் தொடல."

"இன்னொரு தடவை யோசிங்க. யாராவது வந்திருப்பாங்க."

"இல்ல சார். இல்லாததை எப்டி சொல்றது?"

பொய் சொல்லத் தெரியாத ஆளைக் காப்பாற்றுவதுபோல் சிரமமான வேலை இந்தத் தொழிலில் வேறு இல்லை. சேஷகிரி இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் போனார். அவர் ஃபைலிலிருந்து நிமிராமலே கன்னடம் கலந்த தமிழில் பேசினார்.

"கம்ப்ளைண்ட் குடுத்தவங்களே வந்து, தப்பா எழுதிட்டேன்னு எழுதிக் குடுக்கட்டும். விட்டுடறேன். இல்லாட்டி நாளைக்குப் பத்து மணிக்கு மாஜிஸ்ட்ரேட், அங்கிருந்து அக்ரஹாரா ஜெயில். நான் ஏனு மாட்லி, என்ன செய்யட்டும் சேஷகிரியவரே? எண்ணெய்னு சொன்னது நீங்கதானே?"

வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறும்போது பச்சைமுத்துவின் குரல் ஜன்னல் வழியாகக் கேட்டது. "சார், தலைய வேணா மொட்டை அடிச்சிக்கறேன்னு சொல்லிப் பாருங்க சார்!"

ஐரின் சேஷகிரியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

*

பயிற்சிப் பள்ளி ஷெட்டில் லாயிட் காத்திருந்தார். உச்சி வெயிலிலும் லெதர் ஜாக்கெட்டைக் கழற்றாத மனிதர். ஃபிராங்க்ளினின் பைக் ஒரு மூலையில், இடது பக்கம் முழுக்க உரசித் தேய்ந்து நின்றது.

"ரூபினின்னு ஒரு ஸ்டூடண்ட். ஃபிராங்க்ளின் பின்னாலயே ஓட்டிட்டு வந்தா. அவ ஹெல்மெட் கேமரா இது. பாருங்க."

லாயிட் போனை நீட்டினார். திரையில் ஃபிராங்க்ளினின் முதுகு. அவருடைய இடது கை பின்னால் வந்து தன் சீட்டின் வாலை இரண்டு முறை தட்டியது.

"அது என்ன? தூசி தட்டறாரா?" என்றாள் ஐரின்.

"இல்லம்மா. 'என் பின்னாடியே வா, நான் போற கோட்டு மேலயே வா'ன்னு அர்த்தம். எல்லா இன்ஸ்ட்ரக்டரும் அப்படித்தான் கூப்பிடுவோம்."

முதல் வளைவு வலது. பைக் சாய்ந்து எழுந்தது. இரண்டாவதும் வலது, மூன்றாவதும் வலது. பிறகு ஒரு சின்ன நேர்ச்சாலை. நான்காவது வளைவு இடது பக்கம் திரும்பியது. ஃபிராங்க்ளின் சாய்ந்தார். அடுத்த நொடி பைக் தனியாகப் போனது, ஆள் தனியாகப் போனார். "சார்!" என்று ஒரு பெண் குரல் அலறியது. லாயிட் போனை அணைத்தார்.

"பிரேக் பிடிச்ச இடம் கரெக்ட். சாஞ்ச இடம் கரெக்ட். தூக்கக் கலக்கத்துல எவனும் இப்படி ஓட்ட மாட்டான். ஏன் தன் தப்புன்னு சொல்றான்னே புரியல."

சேஷகிரி முன் டயர் அருகே முட்டி போட்டு உட்கார்ந்தார். முட்டி இரண்டும் முனகின. போன தடவை அவர் உட்காரவில்லை, குனிந்து முகர்ந்ததோடு சரி. மூக்கை நம்பிக் கண்ணை விட்டுவிட்டோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"லாயிட், நேரா ஓட்டும்போது டயர்ல எந்த இடம் ரோட்டைத் தொடும்?"

"நடு."

"இந்த ஓரம்?"

"நல்லா சாஞ்சாத்தான் தொடும். வளைவுல மட்டும்."

டயரின் இடது ஓரத்தில் புழுதி ஒட்டிய திட்டுகள் இருந்தன. சாண் இடைவெளியில் ஒன்று. சேஷகிரி விரல் விட்டு எண்ணினார். ஏழு. ஆறு கலைந்து இழுபட்டிருந்தன. ஏழாவது கொஞ்சம் மேலே ஏறி, ரோடு படாத இடத்தில், அப்படியே இருந்தது. குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. டயரைச் சுற்றி அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். வலது ஓரம் சுத்தமாக இருந்தது.

"ஐரின், உனக்கு ஒருத்தரைக் கீழ தள்ளணும். எந்தப் பக்கம் எண்ணெய் வெப்பே?"

"ரெண்டு பக்கமும். வெக்கறதுன்னு ஆயிடுச்சு, அப்புறம் என்ன கஞ்சத்தனம்?"

"ஒரு பக்கம்தான் வெக்க முடியும்னா?"

"வலது. முதல் மூணு வளைவும் வலதுதானே? சீக்கிரம் வேலை முடியும், வீட்டுக்குப் போலாம்."

"பச்சைமுத்துவுக்கு அது தெரியாதா?"

லாயிட் சிரித்துவிட்டார். "ஆறு வருஷமா இங்கதான் இருக்கான். கண்ணை மூடிட்டு டிராக்கை வரைஞ்சு காட்டுவான்."

"அவர் வண்டியை ஸ்டாண்டுல ஏத்தி வெச்சிருந்தாரு. ரெண்டு பக்கமும் தாராளமா கை போகும். ஆனா எண்ணெய் ஒரு பக்கம்தான் இருக்கு, அதுவும் தப்பான பக்கம்." சேஷகிரி பைக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இது டயரைத் தெரிஞ்ச கை. ஆனா டிராக்கைத் தெரியாத கை. பச்சைமுத்து இல்ல."

பாராட்டு வரும் என்று ஐரினைத் திரும்பிப் பார்த்தார். அவள் கேட்கவே இல்லை. அந்த ஏழாவது திட்டின் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். குறுக்குக் கோட்டின் நுனியில், கட்டைவிரல் அழுத்தி முடித்த வட்டம் ஒன்று தெரிந்தது.

"கீறலா இருக்கும்" என்றார் லாயிட்.

ஐரின் நிமிர்ந்தாள். அவள் முகத்தில் கிண்டல் இல்லை. இரண்டு வருடத்தில் சேஷகிரி அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

"சார், காக்ஸ் டவுன் போகணும்."

"எதுக்கு?"

"போற வழியில சொல்றேன்."

சொல்லவில்லை. ஆனேக்கலிலிருந்து காக்ஸ் டவுன் வரை, இத்தனை சிக்னல்களில் நின்றும், அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

*

சர்ச்சுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் ஃபிராங்க்ளின் வீடு. மௌரீன் ஆஸ்பத்திரியில் இருந்ததால் பூட்டியிருந்தது. ஐரின் கேட் வழியாக உள்ளே கை காட்டினாள். வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. தரையில் பைக் நின்று நின்று ஏற்பட்ட கறை. வலது பக்கச் சுவரில் ஹேண்டில் பார் உரசிய கறுப்புக் கோடு.

சேஷகிரி கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்தார். பைக் இங்கே நின்றால் வலது பக்கம் கை நுழையாது. இடது பக்கம் மட்டும்தான் உட்கார முடியும்.

"எண்ணெய இங்கதான் வெச்சிருக்காங்க" என்றார் மெதுவாக. "இங்க வர்றது யாரு?"

ஐரின் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்லயும் செய்வாங்க சார். புது வண்டி வந்தா, பரீட்சைக்குப் போனா, ஊருக்குப் போனா, தீர்த்தத்தைத் தொட்டு, கட்டைவிரலால டயர்ல இருந்த மாதிரியே சிலுவை போடுவாங்க. என் ஸ்கூட்டர்லயும் அம்மா போட்டிருக்காங்க. தீர்த்தம் வெறும் தண்ணிதான், காஞ்சிடும்."

"அப்புறம்?"

"மௌரீன் ஆன்ட்டி போன மாசம் மாதா திருவிழாவுக்கு வேளாங்கண்ணி போயிட்டு வந்தாங்க. மந்திரிச்ச எண்ணெய் கொண்டுவந்து தெரு பூரா குடுத்தாங்க. எங்க வீட்டுக்கும் ஒரு சின்ன பாட்டில் வந்துச்சு. தேங்காண்ணை வாசனைதான் சார் அடிக்கும்."

"அந்தம்மாகிட்ட நான்தானே தேங்காய் எண்ணெய்னு சொன்னேன்! அவங்களுக்கு ஏன் தோணல?"

"எப்படி சார் தோணும்? அவங்களுக்கு அது எண்ணெயே இல்ல. அது மாதா."

சேஷகிரி கேட் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். குற்றவாளியைக் கண்டுபிடித்தால் ஒரு நிம்மதி வரும், பசி எடுக்கும். இன்று அது இரண்டும் வரவில்லை. சொன்னால் மௌரீன் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் பச்சைமுத்து நாளை ஜெயிலுக்குப் போவார். நடுவே ஒரு வழி இருக்குமா என்று யோசித்து யோசித்துப் பார்த்தார். தெருவில் ஒரு ஆட்டோ போனது, இரண்டு பஸ் போனது. வழி ஒன்றும் வரவில்லை.

*

ஓசூர் ரோட்டில், பொம்மனஹள்ளிக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி. மூன்றாவது மாடியில் ஃபிராங்க்ளின் மல்லாந்து கிடந்தார். ஒரு காலைக் கயிறு கட்டி, எடை தொங்கவிட்டு இழுத்து வைத்திருந்தார்கள். தலையை மட்டும்தான் திருப்ப முடியும். மறுபடி நடப்பாரா என்பதை ஆறு வாரம் கழித்துச் சொல்கிறோம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். மௌரீன் மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தார்.

"சார், என் தப்புதான்னு எழுதிக் குடுத்துடறேன். பேப்பர் கொண்டாந்தீங்களா?" என்றார் ஃபிராங்க்ளின், அவர்களைக் கண்டதும்.

"உங்க தப்பு இல்லன்னு உங்க ஸ்டூடண்ட் கேமராவே சொல்லுது" என்றார் சேஷகிரி. "உங்க வீட்டுச் சந்துல பைக் நிக்கற இடத்தையும் பாத்துட்டு வந்தோம்."

ஃபிராங்க்ளின் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை எழவில்லை. ஐரின் துடைத்துவிட்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அங்கிள்?"

"விழுந்து கிடந்தப்பவே தெரியும். டயர் என் மூஞ்சி பக்கத்துல சுத்திட்டு இருந்துச்சு. எங்க வீட்டு மாதா பீடத்து வாசனை."

"ஏன் அந்த இடத்துல போட்டாங்க?" என்றார் சேஷகிரி. "டேங்க்ல போடலாம், ஹேண்டில்ல போடலாம். டயரோட ஓரத்துல போய் யாராவது போடுவாங்களா?"

"நான்தான் சார் காரணம்." ஃபிராங்க்ளினின் உதடு கோணியது. "ஒருநாள் அவ கேட்டா, இப்படி சாயறீங்களே, எதை நம்பி சாயறீங்கன்னு. நான் உட்கார வெச்சு டயரைக் காட்டினேன். ஸ்டூடண்ட்ஸுக்குச் சொல்ற மாதிரியே சொன்னேன். 'பாரு மௌரீன், வளைவுல என் உயிர் மொத்தமும் இந்த விரலகல ரப்பர் மேலதான் நிக்குது'ன்னு. விரலை வெச்சுக் காட்டினேன் சார். சரியா அந்த இடத்துல போட்டிருக்கா."

எடை தொங்கும் கயிறு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"பச்சைமுத்து உள்ள இருக்காரு" என்றார் சேஷகிரி. "காலையில பிடிச்சிட்டாங்க. நாளைக்கு ஜெயில்."

"என்ன சார் சொல்றீங்க? என்கிட்ட அவ சொல்லவே இல்லையே! நான் எண்ணெய் வெச்சேன்னு எழுதிக்கோங்க. நானே வெச்சேன், போதுமா? அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க. அவளால தாங்க முடியாது சார்."

"நீங்க எழுதினா போலீஸ் ஏத்துக்காது. அவங்கதான் வாபஸ் வாங்கணும்."

கதவு திறந்தது. மௌரீன் மாத்திரைக் கவரோடு உள்ளே வந்தார். காக்ஸ் டவுன் பள்ளியில் பத்தொன்பது வருடமாக மூன்றாம் வகுப்பு டீச்சர். தூங்காத கண்கள், ஆனாலும் மடிப்புக் கலையாத சேலை.

"வாங்க சார். ஏதாவது ஆதாரம் கிடைச்சுதா?"

"பச்சைமுத்து இல்லம்மா" என்றார் சேஷகிரி.

"அப்ப யாரு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே பிழைப்பு நடத்திய மனிதர், கட்டில் பக்கம் திரும்பினார். படுக்கையிலிருந்து ஃபிராங்க்ளின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் இல்ல ஆன்ட்டி" என்று ஐரின் குறுக்கே புகுந்தாள். "டிராக்ல எண்ணெய் சிந்தியிருந்துது. ஏதோ... சமையல் வண்டி ஒண்ணு போயிருக்கு. அதுல இருந்து..."

"ரேஸ் டிராக்ல சமையல் வண்டியா?" மௌரீன் அவளை வகுப்பில் நிற்க வைத்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஐரின், எங்க கிளாஸ்ல எட்டு வயசுப் பிள்ளைங்க இதைவிட நல்லா பொய் சொல்லும். எண்ணெய் எங்க இருந்துது?"

"டயர்ல."

"டயர்ல எங்க?"

ஐரின் தரையைப் பார்த்தாள். சேஷகிரிதான் சொல்ல வேண்டியிருந்தது. "இடது ஓரத்துலம்மா."

மௌரீன் மாத்திரைக் கவரை மேஜையில் வைத்தார். அதை நேராக நகர்த்தி வைத்தார். பிறகு, இன்னும் நேராக.

"ஏழு இடத்துலயா?"

அந்த அறையில் யாரும் எண்ணிக்கை சொல்லியிருக்கவில்லை. மௌரீன் நின்ற இடத்திலேயே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மாதா பட்ட துக்கம் ஏழு, அந்த ஏழு வியாகுலத்துக்கு ஏழு சிலுவை" என்றார். குரல் அடங்கியிருந்தது. "தீர்த்தம் தீர்ந்துபோச்சுன்னு எண்ணெய எடுத்தேன்."

"மௌரீன், இங்க வா" என்றார் ஃபிராங்க்ளின்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"இங்க வந்து உட்காரு."

"தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியும்."

"இந்த ஆறு நாளா?"

"ஆமா."

"ஆறு நாளா காலையில, சாயங்காலம் அதே எண்ணெய உங்க நெத்தியில பூசினேன். கண்ணை மூடிட்டுக் காட்டினீங்க. ஒண்ணுமே சொல்லலையே."

"என்னத்தச் சொல்றது?"

அவர் கையை நீட்டினார். சலைன் குழாய் இழுத்தது, பாதியில் நின்றது. மௌரீன் நின்ற இடத்துக்கும் அந்தக் கைக்கும் இரண்டடிதான் இருக்கும். மௌரீன் அதைப் பார்க்கவே இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டார்.

"ஐரின், அந்த ஸ்டேஷன் ரொம்ப தூரமா?"

"ஒரு மணி நேரம் ஆகும் ஆன்ட்டி."

"பச்சைமுத்துவுக்கு மத்தியானம் சாப்பாடு குடுத்திருப்பாங்களா?"

"தெரியல ஆன்ட்டி."

"வழியில வாங்கிக்கலாம். அவர் முன்னாடி போய் நின்னு, நான்தான்னு சொல்லணும். வா."

ஐரின் சேஷகிரியைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். இருவரும் போனார்கள். செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து மறைந்தது.

ஃபிராங்க்ளினால் எழ முடியவில்லை. திரும்பிப் படுக்கவும் முடியவில்லை. கூரையைப் பார்த்தபடி கேட்டார். "சார், ஜன்னல்ல இருந்து பார்க்கிங் தெரியுமா?"

சேஷகிரி ஜன்னலுக்குப் போனார். "தெரியுது."

"ஏறிட்டாளா?"

"ஏறிட்டாங்க."

"வண்டியில பின்னால உட்கார்ந்தா அவளுக்குப் பயம் சார். என்கூட வந்தாக்கூட ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குவா. கெட்டியா பிடிச்சிருக்காளா?"

கீழே ஸ்கூட்டர் கேட்டைத் தாண்டி ஓசூர் ரோட்டு நெரிசலில் நுழைந்துகொண்டிருந்தது. பின்னால் மௌரீன் எதையும் பிடித்துக்கொள்ளாமல், தன் வலது கைக் கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பிடிச்சிருக்காங்க" என்றார் சேஷகிரி.